கட்டிலுக்கு மேலே சுரண்டாத இடம்

மின்சார அலுவலகத்தின் சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. வீடுவீடாகப் போய் மீட்டர் அளவெடுக்கும் வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரமே கூட வேலை பார்த்தவர்கள் 'ரெண்டுதரம்' என்று வைத்துவிட்டார்கள். மீட்டரைப் பார்ப்பார், எழுதுவார், மூடியைச் சாத்துவார், வாசல்வரை போவார். அங்கே நின்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்து, மூடியைத் திறந்து மறுபடியும் பார்ப்பார். மற்றவர்கள் மூன்று தெரு முடித்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ரெண்டுதரம் முதல் தெருவின் பாதியில் நிற்பார்.

இருபத்தாறு வருடத்தில் அவர் எடுத்த அளவில் ஒரு தப்பு வந்ததில்லை. அதற்காக அவரை யாராவது மெச்சினார்களா என்றால், அதுவும் இல்லை. நடந்த தப்புதான் ஊர் கண்ணில் படும். நடக்காத தப்புக்கு யார் மாலை போடப் போகிறார்கள்?

வீட்டிலும் அதே கதைதான். காஸ் மூடியாயிற்றா, குழாய் சொட்டுகிறதா, பூட்டு விழுந்ததா? பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்ததில் கொண்டியே ஆட்டம் கண்டுவிட்டது. திருடன் கையால் கெட வேண்டிய பூட்டு சொந்தக்காரர் கையால் கெட்டது. நாயைக் கண்டால் பயம், அறுந்து தொங்கும் கயிறு மின்கம்பியாக இருக்குமோ என்று பயம், நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் பயம்.

அவருக்கு வாய்த்த மனைவியோ நேர் எதிர். எது நடந்தாலும் அவளிடம் ஒரே பதில்தான்: "ஒண்ணும் ஆகாது." இடி இடித்தாலும் அதுதான், சம்பளம் தள்ளிப்போனாலும் அதுதான். மாத்திரைபோல அதை வேளைக்கு ஒன்றாக வாங்கிப் போட்டுக்கொண்டுதான் மனிதர் இருபத்தாறு வருடம் ஓட்டினார். அவளிடமிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டால் அவர் மூச்சு இறங்கிவிடும்.

அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே ஒரு நாள் அவள் ஸ்டூலில் ஏறினாள். ஜன்னல் திரை மாட்ட வேண்டியிருந்தது.

"இறங்கு, விழுந்துடுவே. நான் ஏறுறேன்."

"நீங்க ஏறினா ஸ்டூலைப் பிடிக்க ஒருத்தர், உங்களைப் பிடிக்க ஒருத்தர் வேணும். சும்மா இருங்க, ஒண்ணும் ஆகாது."

ஸ்டூல் சரிந்தது. முதுகெலும்பில் விரிசல். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டிச் சொன்னார்: "மூணு மாசம் தட்டையா படுத்தே இருக்கணும். புரட்டினா கட்டையைப் புரட்டுற மாதிரி மொத்தமா புரட்டணும். குலுங்கவே கூடாது. குலுங்கினா கால் போயிடும்."

'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். சொல்லாமல் விழுங்கினார்.

படுக்கையறையில் சுவரோரமாக ஓர் இரும்புக் கட்டில். அதில் அவள். முதல் இரண்டு வாரம் வாய் ஓயவில்லை, படுத்தபடியே வீட்டை ஆட்டிவைத்தாள். மூன்றாவது வாரம் பேச்சு குறைந்தது. நான்காவது வாரம் கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. நாய் குரைத்தால்கூட நடுங்குகிற மனிதருக்கு இந்த மௌனம் எப்படி இருந்திருக்கும்!

"என்னம்மா மேலேயே பாக்கறே?"

"வேற எங்க பாக்கறது? அந்தக் கறைதான் இருக்கு. காலையில எருமை மாதிரி இருக்கு. சாயங்காலம் உங்க அத்தை மாதிரி இருக்கு." சொன்னவள் சிரிக்கவில்லை.

அவர் அண்ணாந்து பார்த்தார். எத்தனையோ வருடத்துச் சுண்ணாம்பு. பழுத்து மஞ்சளாகி, நடுவே பழைய ஒழுகலின் கறை. இதைத்தான் அவள் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இன்னும் இரண்டு மாதம் பார்க்கப்போகிறாள்.

அந்த வாரம் அளவெடுக்கப் போன ஒரு வீட்டில் கூடத்துக் கூரை முழுக்க வெள்ளையில் அலை அலையாக விசிறி விசிறியாகப் பூசியிருந்தது. ஜன்னல் வெளிச்சம் சாய்வாகப் பட்டு ஒவ்வொரு விசிறிக்கும் ஒரு நிழல். வீட்டுக்காரர், "ஆள் வெக்கலை சார், நானே பண்ணினேன். பெயிண்டுக்கு முன்னால பூசற பட்டி மாவைக் கெட்டியா கரைச்சுப் பூசி, ஈரம் காயறதுக்குள்ள சீப்பால ஒரு சுத்து சுத்தினா விசிறி" என்றார். ரெண்டுதரம் கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

பெயிண்டுக் கடைக்காரர் ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். பழைய சுண்ணாம்பைத் துளி விடாமல் சுரண்டு, ஈரத்துணியால் துடை, பட்டி பிடிக்க பிரைமர் அடி, காய்ந்த பிறகு பட்டி. "சுண்ணாம்புக்கு மேல மட்டும் பூசிடாதீங்க. வேர்த்த உடம்புல பிளாஸ்திரி ஒட்டின கதைதான்" என்றார். கேட்டுக்கொண்டு வந்தவர் அந்தத் தாளை வீட்டில் வேறொரு தாளில் இன்னொரு பிரதி எடுத்து வைத்தார். பெயர் சும்மாவா வந்தது?

கட்டிலை அறையிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது, வாசற்படி இடிக்கும். அவளைத் தூக்கவோ கூடாது. அறையை பிளாஸ்டிக் தாளால் இரண்டாகத் தடுத்தார். மதியம் வேலை முடிந்து வந்து, இருட்டும்வரை செய்தார். ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் ஏறாதவர் அவர். கூரை எட்ட ஐந்தாம் படி வேண்டும். முதல் நாள் ஐந்தாம் படியில் நின்றபோது ஏணியே கடகடவென்று ஆடியது, ஆடியது ஏணியில்லை, அவர் கால். அப்படியே நின்று, ஆட்டம் அடங்கியதும் சுரண்டினார்.

சீப்புக்கு அலையவில்லை. அவளுடைய பெரிய பல் வைத்த மரச்சீப்பு சும்மாதான் கிடந்தது. முதல் விசிறியைச் சுழற்றிவிட்டு பிளாஸ்டிக் தாளை விலக்கிக் காட்டினார்.

"கோழி கிளறின மாதிரி இருக்குங்க," என்று சொல்லிச் சிரித்தாள். ஒரு மாதம் கழித்து வந்த சிரிப்பு. அதற்கு மேல் அவருக்குக் கை வலி தெரியவில்லை. பத்தாவது விசிறியில் மணிக்கட்டுக்கு வழி பிடிபட்டது. ஒரு விசிறியின் விளிம்பில் அடுத்தது ஏறி உட்கார, மீன் செதில் மாதிரி வரிசை வரிசையாக ஓடியது. ஏழு நாளில் முக்கால் கூரை முடிந்தது.

மிச்சம் இருந்தது கட்டிலுக்கு மேலே உள்ள இடம். ஆறடி நீளம், நாலடி அகலம்.

எட்டாம் நாள் அவள் உடம்பைப் போர்வையால் மூடி, முகத்துக்கு மேல் குடையை விரித்து வைத்துவிட்டு, பக்கத்தில் ஏணி போட்டு ஏறினார். சுரண்டியை வைத்து ஒரு இழுப்பு. சுண்ணாம்புத் தூள் புகை மாதிரி இறங்கியது. குடை என்ன செய்யும்? அவள் இருமினாள். இருமல் முதுகைக் குலுக்கியது. கட்டில் கம்பியை அவள் பிடித்த பிடியில் விரல் மூட்டுகள் வெளுத்தன. கண்ணில் தண்ணீர். அவர் விழாத குறையாக இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார்.

"சுரண்ட வேண்டாங்க. மேலேயே பூசிடுங்க."

"கடைக்காரர் கூடாதுன்னாரே..."

"கடைக்காரர் நூறு சொல்வார். பூசுங்க, ஒண்ணும் ஆகாது."

இருபத்தாறு வருடத்துப் பழக்கம். அந்த வார்த்தை வந்ததும் அவர் மூச்சு இறங்கியது. சுரண்டாமல், துடைக்காமல், பிரைமர்கூட அடிக்காமல் சுண்ணாம்பின் மேலேயே பட்டியைப் பூசினார். வாழ்நாளில் எல்லாவற்றையும் இரண்டு தரம் செய்தவர், ஒரு தரமாவது செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டார். விட்ட இடம் அவள் தலைக்கு நேர் மேலே.

கூரை அழகாகத்தான் வந்தது. எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "யாரை வெச்சுப் பண்ணீங்க? எங்களுக்கும் சொல்லுங்க" என்றாள். மனைவியின் தம்பி, லாரி ஓட்டுகிறவன், வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "மாமா, நீங்களா ஏணியில ஏறினீங்க? சத்தியம் பண்ணுங்க!" அவளோ காலையிலிருந்து மாலைவரை வெளிச்சம் நகர நகர விசிறிகள் மாறுவதைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள். பத்து நாள் ரெண்டுதரம் தெருவில் நிமிர்ந்து நடந்தார். நாய்கூட ஒதுங்கிப் போனதாகக் கேள்வி.

பதினோராம் நாள் அறையைக் கூட்டும்போது தற்செயலாக அண்ணாந்தார். கூரையில் ஒரு கோடு. மயிரிழைதான். ஆனால் அது ஓடிய இடம் அவருக்குத் தெரிந்த இடம். சுரண்டியதும் சுரண்டாததும் சந்திக்கிற விளிம்பை ஒட்டி, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஓடியது. வெளியே போனார். திரும்பி வந்து மறுபடியும் பார்த்தார். கோடு அங்கேயேதான் இருந்தது.

மறுநாள் கடைக்குப் போய், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சுண்ணாம்பு மேலயே பூசிட்டாராம்" என்று ஆரம்பித்தார்.

"நிக்கும் சார்," என்றார் கடைக்காரர். ரெண்டுதரத்துக்கு உயிர் வந்தது. "நின்னா வருஷக்கணக்கா நிக்கும். விழுந்தா துண்டு துண்டா விழாது, பலகை மாதிரி மொத்தமா வரும். சொல்லிட்டும் வராது." வந்த உயிர் போனது. "கழியால தட்டிப் பாக்கச் சொல்லுங்க. டொக்குன்னா ஒட்டியிருக்கு. டம்முன்னு உள்ள காலியா கேட்டா விட்டுருச்சுன்னு அர்த்தம்."

வந்ததும் ஒட்டடைக் கழியை எடுத்தார். சுரண்டிய பக்கம் டொக். கட்டிலுக்கு மேலே டம்.

"நேத்துதானே ஒட்டடை அடிச்சீங்க?" என்றாள் அவள்.

"விட்டுப்போச்சு கொஞ்சம்."

டம்மா, டொக்கா? தட்டுகிற கை நடுங்கினால் சத்தம் எப்படிச் சரியாகக் கேட்கும்? பயம் அவருக்கு வளர்த்த நாய். எப்போதும் குரைக்கும். இப்போது திருடனைப் பார்த்துக் குரைக்கிறதா, காற்றுக்குக் குரைக்கிறதா என்பது வளர்த்தவருக்கே தெரியவில்லை. மச்சினனிடம் சொல்லிப் பார்த்தார். அவன் ஒரு கண்ணைச் சுருக்கி மேலே பார்த்துவிட்டு, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், மாமா. அக்காவைக் கேளுங்க, சொல்வா" என்றான். அக்கா என்ன சொல்வாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கணக்குப் போட்டார். மொத்தம் அறுபது கிலோ பட்டி பூசியிருக்கிறது. கட்டிலுக்கு மேலே கால் பங்கு, பதினைந்து கிலோ. விரிசல் விட்ட முதுகெலும்பின் மேல் பதினைந்து கிலோ. மீட்டர் முன்னால் நின்றால் எண்கள் ஓடவில்லை, இந்தப் பதினைந்துதான் ஓடியது. லீவு போட்டார். மின்விசிறி சுற்றினால் கூரை அதிரும் என்று அதை நிறுத்தினார். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க இடையில் துணி செருகினார். தெருவில் கனமான வண்டி போனால் எழுந்து அவள் தலைமாட்டில் குனிந்து நிற்பார். விழுந்தால் முதலில் தன் முதுகில் விழட்டும் என்பது எண்ணம்.

"என்னங்க, கொசுவா?"

"ஆமா. கொசு."

கட்டிலை நாலடி நகர்த்தினால் போதும், சுரண்டிய பக்கத்துக்கு வந்துவிடும். ஆனால் குலுங்கினால் கால் போயிடும் என்றாரே டாக்டர். கொஞ்சம் நகர்த்தட்டுமா என்று கேட்டும் பார்த்தார். "ஜன்னல் பக்கத்துல நல்லா இருக்கு. வேண்டாம். சும்மா இருங்க, ஒண்ணும் ஆகாது" என்றாள். அந்த வார்த்தை உள்ளே போயிற்று. மூச்சு இறங்கவில்லை. அவருக்கு அது புதிது. அதுவே பெரிய பயமாக இருந்தது.

இதற்கிடையில் அவளுக்கும் ஒரு புதுப் பிடிவாதம். மாத்திரை டப்பாவைத் தலையணையோரம் வைத்துக்கொண்டு, நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன், நீங்கள் தொட வேண்டாம் என்றாள். தண்ணீர் டம்ளர் மட்டும் தலைமாட்டு ஸ்டூலில் இருந்தால் போதும் என்றாள். மூன்று நாள் அப்படியே போனது. நான்காம் நாள் காலை பதினோரு மணிக்கு மாத்திரை மயக்கத்தில் அவள் கண்ணயர்ந்திருந்தாள். போட்டாளா இல்லையா? சந்தேகம் வந்தால் அவர் சும்மா இருப்பாரா? டப்பாவைத் திறந்து எண்ணினார். சரியாக இருந்தது. மூடினார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து இரண்டாவது தரம் எண்ண, மாத்திரை அட்டைகளை வெளியே எடுத்தார்.

அட்டைகளுக்கு அடியில் ஒரு கைக்குட்டை மடித்து வைத்திருந்தது. பிரித்தார். வெள்ளைச் சில்லுகள். பதினொன்று இருந்தன. பெரியது கட்டைவிரல் நகம் அளவு. ஒரு பக்கம் சீப்பு இழுத்த வரிகள். மறுபக்கம் சுண்ணாம்பு, தொட்டால் விரலில் ஒட்டியது.

இவ்வளவும் அவள் மேல் விழுந்திருக்கிறது. கழுத்திலிருந்தும் போர்வையிலிருந்தும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒளித்து வைத்திருக்கிறாள்.

எதிர்வீட்டைக் கூப்பிடலாமா? நாலு பேர் நடந்தால் தரை அதிரும், தரை அதிர்ந்தால் சுவர், சுவர் அதிர்ந்தால்... வேண்டாம். இழுத்தால் வழுக்கட்டும் என்று போர்வைகளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். கட்டிலின் ஒவ்வொரு காலையும் நூலளவு தூக்கி, துணியை அடியில் தள்ளினார். நான்காவது காலுக்கு அவள் விழித்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

அவர் கைக்குட்டையைக் காட்டினார். கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா இழுக்கறேன். வலிச்சா சொல்லு."

ஒரு விரற்கடை இழுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார். இன்னொரு விரற்கடை. முகம், மேலே. வேகமாக இழுத்தால் கீழே இருக்கிற எலும்பு, மெதுவாக இழுத்தால் மேலே இருக்கிற பாரம். எதற்கு முதலில் பயப்படுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்துப் பயந்தார். கையில் வியர்வை வழுக்கியது. ஓரடி. ஒன்றரை அடி. எங்கோ மேலே தாள் கிழிகிற மாதிரி சின்னச் சத்தம். இரண்டு பேரும் மூச்சை நிறுத்தினார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையசைத்தாள், இழுங்க என்று. இரண்டடி. மூன்றடி. அவள் ஒரு தோள் கோட்டைத் தாண்டியது. அப்புறம் தலை. அப்புறம் மறு தோள். கடைசிக் கையளவைத் தரையில் மண்டியிட்டு இழுத்தார். தாண்டிவிட்டது.

அவர் உட்கார்ந்து அழவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரியும். ஏணியைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் போட்டு ஐந்தாம் படிக்கு ஏறினார். பட்டி பூசும் தகட்டைக் கோட்டில் வைத்தார். தடையே இல்லாமல் உறையில் கத்தி போவதுபோல் உள்ளே போனது. இரண்டு விரல் ஆழம்தான் போயிருக்கும். லேசாகத் திருப்பினார்.

மொத்தமும் வந்தது. பலகை மாதிரி வரும் என்று கடைக்காரர் சொன்னது சரிதான். வீடே ஒரு தரம் குதித்தது. தூசி அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கட்டில் இருந்த இடத்தில் விசிறிகள் குப்புறக் கிடந்தன. முதுகுப் பக்கம் முழுக்கப் பழைய சுண்ணாம்பு, நடுவில் அந்தக் கறை, எருமையோ அத்தையோ, அப்படியே. தலைமாட்டு ஸ்டூலை நகர்த்த அவர் மறந்திருந்தார். அதன் மேலே இருந்த எவர்சில்வர் டம்ளர் நசுங்கி வாய் மூடிக் கிடந்தது.

இரண்டு பேரும் அந்த டம்ளரையே பார்த்தார்கள்.

"ஏன் சொல்லலை?" என்றார் அவர்.

"சொன்னா அத்தனையும் சுரண்டிப் போட்டுருவீங்க. உங்க ஆயுசுல நீங்க பயப்படாம செஞ்ச ஒரே வேலைங்க அது."

"பயப்படாமலா?" ஏணியில் நின்றபடியே அவர் சிரித்தார், அல்லது அழுதார். "ஒவ்வொரு விசிறிக்கும் பயந்துகிட்டேதான் சுத்தினேன்."

அவள் மல்லாந்தபடி மேலே பார்த்தாள். இப்போது அவள் தலைக்கு நேரே வேறு விசிறிகள். ஸ்டூலில் ஏறியபோது பயப்படாதவள், சில்லுகள் விழுந்தபோது வாயைத் திறக்காதவள், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"என்னங்க... இந்தப் பக்கம்?"

"ஒண்ணும் ஆகாது," என்றார் அவர். அந்த வார்த்தையை அவர் சொல்வது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது உள்ளுக்குள் எவ்வளவு உதறுகிறது என்று தெரிந்தது. இத்தனை வருடமும் இவள் இதை எப்படித்தான் சொன்னாளோ!

"தட்டிப் பாருங்க."

ஒட்டடைக் கழியை எடுத்துத் தட்டினார். டொக்.

அவள் கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு தரம்," என்றாள்.